வாஷிங் மெஷின் டிரம்மில் காய்த்த சுரை

என் அண்ணி வீட்டுக்கு யார் எதை வாங்கிக்கொண்டு போனாலும், அவர் கண் முதலில் போவது உள்ளே இருக்கும் பண்டத்தின் மேல் அல்ல, டப்பாவின் மேல். ஒருமுறை அவருக்குப் பிறந்தநாள் என்று பெரிய டப்பாவில் ஐஸ்கிரீம் வாங்கிப் போனேன். "அடடா, நல்ல ஆழமா இருக்கே பாப்பா!" என்று டப்பாவைத் தடவிப் பார்த்தார். ஐஸ்கிரீமை ஒரு கிண்ணத்தில் வழித்து என் கையில் திணித்துவிட்டு, அடுப்பில் ஆணியைப் பழுக்கக் காய்ச்சி, டப்பாவின் அடியில் ஓட்டை போட உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணி, பொறந்தநாள் உங்களுக்கா, தக்காளிச் செடிக்கா?"

"ரெண்டு பேருக்கும்னு வச்சுக்கோயேன்" என்றார், தலையைத் தூக்காமல்.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆனாலும் அந்த வீட்டில் நான் பாப்பாதான். அண்ணன் கூப்பிட்ட பெயர், அண்ணியும் அதையே பிடித்துக்கொண்டார். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை எனக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்குக் கேட்க வேண்டுமே என்று கத்திக் கத்தி, "உப்பு கொஞ்சம் கம்மி" என்று நான் மெதுவாகச் சொன்னாலும் தெருமுனைவரை கேட்கும். நாக்கும் சும்மா இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அண்ணன் வீட்டுக்குப் போவேன், சாப்பிடுவேன், குறை சொல்வேன், கட்டிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு திரும்புவேன். சொன்ன குறைக்கும் கட்டி வாங்கியதற்கும் சம்பந்தம் இல்லை.

அண்ணன் எனக்கு நேர் எதிர். லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் இறங்கிக் கம்பியோடும் கிரீசோடும் மல்லுக்கட்டிவிட்டு வருகிறவன். வீட்டில் அவன் வாயிலிருந்து வருவது ஒரே வாக்கியம்தான்: "நல்லா இருக்கு." சாதம் குழைந்தாலும் நல்லா இருக்கு, தீய்ந்தாலும் நல்லா இருக்கு. அண்ணி போடும் டீ இருக்கிறதே, அதைச் சர்க்கரைப் பாகு என்றுதான் சொல்ல வேண்டும். கரண்டியை நட்டால் நிற்கும். "இது டீயா, இல்ல பாகா?" என்று நான் ஒவ்வொரு தடவையும் கேட்பேன். அண்ணன் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டு, "நல்லா இருக்கு" என்பான். என்னை ஒரு முறை முறைப்பான். அண்ணிக்கு முகமெல்லாம் பூரித்துப்போகும்.

"உங்க அண்ணனுக்கு இனிப்புன்னா உசுரு" என்பார் என்னிடம்.

அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. நோயாளி பக்கம் இல்லை, கீழே சலவைப் பிரிவில். மூட்டை மூட்டையாய் வந்து விழும் விரிப்பையும் துண்டையும் கறை பார்த்துப் பிரிப்பது, பெரிய மெஷினில் தள்ளுவது, ஆவி பறக்கும் இஸ்திரி உருளையில் விட்டு மடிப்பது. சாயங்காலம் வரும்போது விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருக்கும். வந்ததும் உட்கார மாட்டார். பையை ஆணியில் மாட்டிவிட்டு நேரே மொட்டை மாடி.

மகன் வெளியூர் வேலைக்குப் போன பிறகுதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. முட்டை அட்டையில் மண் நிரப்பி விதை போடுவார். முளைத்தால் தயிர்க் கப்புக்கு மாற்றம். அங்கே நாலு இலை விட்டால் எண்ணெய் டின்னுக்கோ பாதியாக அறுத்த தண்ணீர் கேனுக்கோ பதவி உயர்வு. பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பாதியை நாற்றுக்குத் தொப்பியாகக் கவிழ்த்திருப்பார். மூடி தொலைந்த குக்கரில் பச்சை மிளகாய். காது உடைந்த வாளியில் கத்தரி. தெருப்பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் டப்பா ஆன்ட்டி. அவருக்கும் அது தெரியும், கோபமே வராது. "பேரு வச்சவங்க டப்பாவையும் கொண்டு வந்து குடுங்கடா" என்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரை அசைக்க முடியாது. தின்கிற பண்டம் இருந்த டப்பாவாக இருக்க வேண்டும். பெயிண்ட் வாளி கூடாது. பூச்சிமருந்து, பினாயில், அமிலம் இருந்தது எதுவும் வாசல்படி ஏறக் கூடாது. சலவைப் பிரிவில் சோப்புத் திரவக் கேன்கள் மலைமாதிரி குவியும், ஒன்றைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது இல்லை. யாராவது டப்பா கொடுத்தால் மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்ப்பார், வெந்நீரில் கழுவுவார், மறுபடி மோப்பார். "வயித்துக்குள்ள போற விஷயம், விளையாட்டா?" என்பார்.

சலவைப் பிரிவிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒன்றே ஒன்று. பழுதாகி ஒதுக்கின மெஷினின் உள் டிரம், எவர்சில்வர், சுற்றிலும் ஓட்டை. "ஆண்டவனே ஓட்டை போட்டுக் குடுத்திருக்கான் பாரு" என்று பூரித்துப்போனார். அண்ணனும் நானும் அதை மாடிப்படியில் உருட்டித் தூக்கி ஏற்றினோம். என் முதுகு பிடித்துக்கொண்டது. கொதிக்கக் கொதிக்கக் கழுவி, மோந்து பார்த்த பிறகு, அந்த டிரம்மில்தான் சுரை போட்டார்.

சுரை எதற்கு என்றால், அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. டாக்டர் டீயில் சர்க்கரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். அண்ணி அன்று வீடு வந்து சர்க்கரை டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, ஏதோ சாவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அண்ணன் சர்க்கரையில்லாத டீயைக் குடித்துவிட்டு, "பரவாயில்ல, நல்லா இருக்கு" என்றான். அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. வெறும் வயிற்றில் பச்சைச் சுரைக்காய்ச் சாறு குடித்தால் சர்க்கரை ஓடியே போய்விடும் என்று போனில் யாரோ ஒரு மகான் சொல்லியிருந்தார்.

"ஏட்டுச் சுரைக்காயே கறிக்கு உதவாது, போன் சுரைக்காய் உதவுமா?" என்றேன் நான்.

"நீ சும்மா இரு பாப்பா. சர்க்கரை இறங்கட்டும். ஞாயித்துக்கிழமை மட்டுமாவது மனுஷனுக்கு அவர் இஷ்டப்பட்ட மாதிரி ஒரு டீ போட்டுத் தருவேன்."

கடையில் வாங்கிச் சாறு பிழிய அவர் ஒப்பவில்லை, மருந்தடித்த காயாம். தன் கையால் போட்ட சுரைதான் வேண்டுமாம்.

முதல் வருஷம் போட்ட கொடி நன்றாகத்தான் ஏறியது. ஆனால் ஒரு பெருங்காற்றில் ஆண்பூவெல்லாம் கொட்டிவிட்டது. பெண்பூ மட்டும் அடியில் விரல்நீளப் பிஞ்சோடு பூக்கும், இரண்டு நாளில் பிஞ்சு கறுத்து உதிரும். மகரந்தம் சேராவிட்டால் காய் பிடிக்காது என்று அண்ணி விளக்கினார். பக்கத்துக் கட்டட மொட்டை மாடி அண்ணன் வீட்டு மாடியோடு ஒட்டியது, நடுவில் இடுப்பளவுச் சுவர் மட்டும். அங்கே ஒரு விளக்குக்காரர் இருந்தார். காய்ந்த சுரைக் குடுவைகளில் பூப்பூவாய் ஓட்டை போட்டு, உள்ளே பல்பு வைத்து விற்கிறவர். அவர் பந்தலிலும் இதே மாதிரி வெள்ளைப் பூ. ஒரு ஞாயிறு சாயங்காலம், பூ விரிகிற நேரம், அண்ணி சுவர்மேல் எக்கி அந்தப் பக்கத்து ஆண்பூ ஒன்றைப் பறித்தார். இதழைப் பிய்த்துவிட்டுத் தன் கொடியின் பெண்பூவில் பூப்போல ஒற்றி எடுத்தார்.

"என்ன அண்ணி, திருட்டுக் கல்யாணமா?"

"பொண்ணு நம்ம பொண்ணு. மாப்பிள்ளை அடுத்த வீடு. தெரிஞ்ச இடம்தானே" என்று சிரித்தார். அண்ணன்கூட ஓரமாய் நின்று சிரித்தான். அந்த ஒரு பிஞ்சு பிடித்துக்கொண்டது. அதைப் பறிக்காமல் விதைக்கென்று கொடியிலேயே முற்ற விட்டார். காய்ந்து கலகலவென்று சத்தம் வந்த பிறகு உடைத்து, விதையை மாத்திரைக் குப்பியில் போட்டு வைத்துக்கொண்டார்.

அந்த விதையைத்தான் இந்த வருஷம் டிரம்மில் போட்டார். கொடி தளதளவென்று ஏறியது. இந்தத் தடவை ஆண்பூவும் நின்றது, வண்டும் வந்தது, காயும் பிடித்தது. வழவழவென்று வெளிர் பச்சையில் நீளமாய்த் தொங்கியது. கழுத்து மட்டும் கொஞ்சம் இடுங்கின மாதிரி எனக்குப் பட்டது. சும்மா இருப்பேனா? சொன்னேன்.

"போன வருஷக் காய் இப்படி இல்லையே அண்ணி."

"மாப்பிள்ளை ஜாடை கொஞ்சம் இருக்கும்தானே. விதை ஒண்ணு போட்டா சுரை ஒண்ணு முளைக்குமா? எல்லாம் நம்ம விதைதான். நீ கண்ணு வைக்காம இரு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் போகும்போதே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. முதல் காய். பாதியை வெட்டிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு மறுபாதியை அரைத்து, துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தார். சாறு இரண்டு கிளாஸ் தேறியது. ஒன்று அண்ணனுக்கு, ஒன்று எனக்கு. தனக்கு என்று எடுத்துக்கொள்ளவில்லை. முதல் சாறு வீட்டு மனிதர்களுக்குப் போகட்டும் என்று நினைத்தாராம்.

நான் ஒரு வாய் வைத்தேன்.

ஐயோ! சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு கசப்பை என் ஜென்மத்தில் நான் நாக்கில் வைத்ததில்லை. பாகற்காய் கசப்பு ஒரு கசப்பா? வேப்பிலை ஒரு கசப்பா? இது தொண்டைக்குள் கை விட்டுப் பிடித்து இழுக்கிற கசப்பு. ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினேன். வாய் கொப்பளித்தேன், மறுபடி துப்பினேன். நாக்கு மரத்துப்போனது.

"தூ! என்ன அண்ணி இது, விஷம் மாதிரி இருக்கு! அண்ணா, குடிக்காத!"

அண்ணி கையில் பிழிந்த துணியோடு அப்படியே நின்றார். முகம் சின்னதாகிவிட்டது. மாசக்கணக்காய்த் தண்ணீர் ஊற்றி, பந்தல் கட்டி, எறும்பு ஓட்டி, பிள்ளைமாதிரி வளர்த்த முதல் காய் அது. அண்ணன் அந்த முகத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"உனக்கு எதுதான் பாப்பா நல்லா இருந்திருக்கு? குத்தம் பாக்கத்தான் வருவியா?"

"அண்ணா, நாக்குல வச்சுப் பாரு முதல்ல..."

அவன் பார்க்கவில்லை, குடித்தான். ஒரே மூச்சில், கண்ணை மூடிக்கொண்டு, கிளாஸைக் கவிழ்த்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். கீழே வைத்துவிட்டு, நான் துப்பிவிட்டு வைத்த கிளாஸையும் எடுத்தான். நான் கையைப் பிடித்தேன், தட்டிவிட்டான். அதையும் குடித்துவிட்டு, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்னான்:

"நல்லா இருக்கு."

அண்ணி முகம் மலர்ந்தது. "கசப்பு இருந்தா என்ன, மருந்துதானே" என்று எனக்கும் சேர்த்துச் சமாதானம் சொல்லிவிட்டு, துணியை அலசப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். ரோசக்காரியான நான் அன்று கிளம்பாமல் இருந்ததற்கு ஒரே காரணம், என் வயிறு பிசைய ஆரம்பித்ததுதான். ஒரு வாய் வைத்துத் துப்பினவளுக்கே இந்தக் கதி.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் செய்தித்தாளைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டான். முதல் வாந்திச் சத்தத்துக்கு அண்ணி, "பித்தம் வெளியேறுது போல" என்றார். இரண்டாவதுக்குக் குளியலறைக் கதவருகே போய் நின்றார். அப்புறம் சத்தம் நிற்கவே இல்லை. கதவைத் தட்டினோம். திறந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான், முகம் வெள்ளைத்தாள். தொட்டியில் ரத்தம்.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை கத்துவது. கத்தினேன். கீழ்வீட்டு டிரைவர் ஓடிவந்தார், அவர் காரிலேயே ஏற்றினோம். அண்ணி முன்னால் உட்கார்ந்து, "இடது, இடது, ஆஸ்பத்திரி பின்கேட் வழியா போங்க, அதுதான் கிட்ட" என்று வழி சொல்லிக்கொண்டே வந்தார். குரல் நடுங்கவே இல்லை. அண்ணன் தலை என் மடியில். சட்டையெல்லாம் வேர்வை, கை சில்லிட்டிருந்தது. என் காதைத் தன் வாய்க்கு இழுத்தான்.

"பாப்பா... கசந்துச்சுன்னு அவகிட்ட சொல்லாத."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அட பாவி! அப்போ இவனுக்குத் தெரிந்திருக்கிறது! நாக்கு செத்தவன் என்றுதானே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த விஷக் கசப்பைத் தெரிந்தே, ஒன்றல்ல, இரண்டு கிளாஸ் உள்ளே தள்ளியிருக்கிறான், பெண்டாட்டி முகம் வாடியதற்காக.

அவசரப் பிரிவில் படுக்க வைத்தார்கள். ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்குகிறது என்றார்கள், இரண்டு கையிலும் சலைன் ஏற்றினார்கள். அவன் மறுபடி வாந்தி எடுத்தான், வெள்ளை விரிப்பில் சிவப்பாய்ப் பரவியது. அண்ணி அந்தக் கறையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். முந்தின நாள் அவர் கையால் மடித்த விரிப்பாம் அது. "பச்சத் தண்ணில போடணும், சுடுதண்ணி பட்டா போகாது" என்று யாரிடமோ சொன்னார்.

ஒரு பெண் டாக்டர் வந்தார். சின்ன வயசு, பேச்சில் வேகம். "காலையில என்ன சாப்பிட்டார்?"

"ஒண்ணும் இல்லம்மா, சுரைக்காய் ஜூஸ் மட்டும்தான்" என்றார் அண்ணி. "வீட்டுல போட்டது. மருந்தே அடிக்காதது. டப்பால ஏதாவது இருந்திருக்குமோ? துணி துவைக்கிற மெஷின் டிரம்தான், ஆனா கொதிக்கக் கொதிக்கக் கழுவினேம்மா, மோந்து மோந்து பாத்தேன்..."

"டிரம்மை விடுங்க. ஜூஸ் கசந்துச்சா?"

"இல்லையே. ரெண்டு கிளாஸ் குடிச்சாரே. நல்லா இருக்குன்னு சொன்னாரே."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கசப்பு இல்லைன்னா நான் வேற வழியில தேடணும். அல்சரா, ஈரலான்னு குழாய் விட்டுப் பாக்கணும். இந்த பிரஷர்ல அதுவே ஆபத்து."

அண்ணி தலையை ஆட்டினார். "கசப்புன்னா சொல்லியிருப்பாரே."

அண்ணனைப் பார்த்தேன். கண் பாதி மூடியிருந்தது, என்னைத்தான் பார்த்தது. சொல்லாதே என்று கெஞ்சியது. ஒரு அண்ணன் சாகக்கிடந்து கேட்கிற காரியம். வேறு யாராக இருந்தாலும் அந்த ரகசியத்தைக் காப்பாற்றியிருப்பார்களோ என்னவோ. என் வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை.

"கசந்துச்சு!" வார்டே திரும்பிப் பார்த்தது. "எட்டிக்காய் மாதிரி கசந்துச்சு டாக்டர்! நான் துப்பிட்டேன். இவன் தெரிஞ்சே குடிச்சான். என்கிட்டயே சொன்னான், சொல்லாதன்னு சொன்னான்!"

டாக்டர் முகம் மாறியது. நர்ஸிடம் மடமடவென்று ஏதோ சொன்னார். எங்களிடம் திரும்பி, கசக்கிற சுரைக்காய் விஷம், அதற்கு மாற்று மருந்து கிடையாது, குடலையும் ரத்த அழுத்தத்தையும் தாங்கிப் பிடிப்பதுதான் வழி, இரண்டு நாள் தாண்டினால் பார்க்கலாம் என்றார். வேறு யாராவது சாப்பிட்டார்களா, மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தால் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொன்னார்.

அண்ணி என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"இந்த நேரத்துலகூடவா பாப்பா? அவரு இப்படிக் கெடக்கும்போதுமா என் கைல குத்தம்?"

அவர் விடுவிடுவென்று நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

வீட்டுக்கு வந்ததும் குளிர்ப்பெட்டியைத் திறந்து அந்தப் பாதிக் காயை எடுத்தார். கத்தியால் நகத்தளவு சீவினார். நான், "அண்ணி, வேணாம்!" என்று பாய்வதற்குள் நாக்கில் வைத்துவிட்டார்.

ஒரு கணம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் அவர் உடம்பு மொத்தமும் உதறியது. துப்பினார், விரலை விட்டு நாக்கை வழித்தார், குழாயைத் திறந்து வாயை நேராகக் காட்டினார். தண்ணீர் முகத்திலும் மாரிலும் வழிய, தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. வாய் மட்டும் திறந்தபடி இருந்தது.

"இதையா?" என்றார். "இதையா பாப்பா ரெண்டு கிளாஸ் குடிச்சாரு?"

நான் தலையசைத்தேன்.

"முகத்தைக்கூடச் சுளிக்கலையே!"

காயைப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஏறினார், நானும் ஏறினேன். டிரம்மைச் சுற்றி வந்தார். மண்ணை அள்ளி மோந்தார், டிரம்மின் ஓட்டையில் மூக்கை வைத்து மோந்தார். "எங்க தப்பு பண்ணேன்? எதுல தப்பு பண்ணேன்?" என்று முனகிக்கொண்டே எல்லா டப்பாவையும் ஒவ்வொன்றாகத் தூக்கி மோந்தார். எனக்குப் பார்க்கவே பயமாக இருந்தது. சத்தம் கேட்டு விளக்குக்காரர் சுவரோரம் வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் கொடியில் தொங்கிய பிஞ்சைப் பார்த்தார். அதன் இடுங்கின கழுத்தைப் பார்த்தார்.

"இந்த விதை எங்க கெடச்சுதும்மா?"

"என் கொடிதாங்க. போன வருஷக் காய்."

"ஆண்பூ?"

நான்தான் அவர் பந்தலைக் காட்டினேன். மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஐயோ, இது பேய்ச்சுரைம்மா! குடுவைக்காக வளக்கறது. ஆடு மாடுகூட வாய் வைக்காது. இதோட சேந்தா பாக்க உங்க காய் மாதிரியேதான் இருக்கும், உள்ள இதோட கசப்பு வந்து உக்காந்துக்கும். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை. என் நாக்கு நுனிவரை அது வந்தது. சொல்லவில்லை. என் வாழ்நாளில் நாக்குக்கு வந்ததை நான் விழுங்கின ஒரே தடவை அதுதான். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா என்று கேட்ட அண்ணி, கொடியை அடியோடு பிடித்து இழுத்தார். பந்தல் சரிந்து எங்கள் மேலேயே விழுந்தது. மாத்திரைக் குப்பியில் மிச்சமிருந்த விதையைக் கீழே அடுப்பில் கொட்டி எரித்தார். பிறகு முகம் கழுவி, பையை எடுத்துக்கொண்டு, "வா, போலாம்" என்றார்.

இரண்டு நாளும் நாங்கள் அவசரப் பிரிவு வாசல் பெஞ்சில்தான் கிடந்தோம். என்னோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமா, வெட்கமா, எனக்குத் தெரியவில்லை. டாக்டர் வரும்போதெல்லாம் எழுந்து நிற்பார், போனதும் உட்கார்ந்து தன் கையைப் பார்ப்பார். பூவை ஒற்றி எடுத்த கை. சலவைப் பிரிவு ஆட்கள் வந்து வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். அழுதுவிட்டால் தேவலை என்று ஒருத்தி என் காதில் சொன்னாள். அவர் அழவில்லை.

அண்ணன் பிழைத்துக்கொண்டான். ரத்தம் நின்றது, அழுத்தம் ஏறியது, வார்டுக்கு மாற்றினார்கள். நாக்கு புண்ணாகிக் குரல் கம்மியிருந்தது. என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி:

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிக்கே கேட்டுச்சு."

கண்ணை மூடிக்கொண்டான். அண்ணி கட்டில் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். கை வேலையாய் இருந்தது, கண் அவன் முகத்தை விட்டு நகரவில்லை.

"என்னங்க. கசக்குதுன்னு சொல்ல உங்களுக்கு ஒரு வாய் இல்லையா?"

"நீ ஆசையா..."

"ஆசையாப் போட்டா விஷத்தையும் குடிப்பீங்களா? நான் தாலி அறுத்துட்டு நிக்கறதுதான் எனக்கு நீங்க காட்டற ஆசையா?" குரல் உயரவில்லை, ஆனால் பக்கத்துக் கட்டில்காரர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "இத்தனை வருஷமா நான் போட்டதையெல்லாம் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொன்னீங்களே. அதுல எது நெஜம்? வேற என்னெல்லாம் கசந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல, எல்லாம் நல்லா..."

அண்ணி கையை உயர்த்தினார். "அந்த வார்த்தை இனிமே இந்த வாயில வரக் கூடாது. சொல்லுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"முள்ளங்கி" என்றான். "எண்ணெய் டின்ல போட்டியே. கட்டையா இருந்துச்சு."

"ம். அப்புறம்?"

"கீரையில மண்ணு. எப்பவுமே."

"அப்புறம்?"

அவன் எச்சில் விழுங்கினான். "டீ."

"டீக்கு என்ன?"

"எனக்கு டீல இனிப்பே புடிக்காது. நீ வந்த முதல் நாள் பயந்து பயந்து போட்டுக் கொண்டு வந்த. வாயில வைக்க முடியல. நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். மறுநாளும் அதே மாதிரி கொண்டு வந்த. அப்புறம் எப்படிச் சொல்றது? டாக்டர் சர்க்கரைய நிறுத்தச் சொன்ன அன்னைக்குத்தான் நான் நிம்மதியா ஒரு டீ குடிச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது அவன் இஷ்டப்பட்ட டீயைக் கொடுக்க வேண்டும் என்றுதானே சாறு. அந்தச் சாறுக்குத்தானே சுரை. அந்தச் சுரைக்குத்தானே சுவர்மேல் எக்கிப் பறித்த பூ. அந்தக் கணக்கு அண்ணி மனசுக்குள் ஓடுவது முகத்தில் தெரிந்தது.

எழுந்து வெளியே போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். "நீ ஏன்டா இப்பப் போய் இதைச் சொன்ன?" என்று அண்ணனைத் திட்ட ஆரம்பித்தேன். அதற்குள் கேன்டீனிலிருந்து ஒரு கப் டீயோடு திரும்பி வந்தார். டாக்டர் குடிக்கலாம் என்று சொல்லியிருந்தார். "சக்கரை போடல" என்று நீட்டினார்.

அண்ணன் வாங்கி ஒரு வாய் குடித்தான். நாங்கள் இரண்டு பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். வழக்கம்போல "நல்லா" என்று உதடு குவிந்தது. அப்படியே நின்றது. அண்ணியைப் பார்த்தான், கப்பைப் பார்த்தான்.

"ஆறிப்போச்சு" என்றான்.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத என் அண்ணி, தான் துவைத்த விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதார்.